கட்டிலுக்கு அடியில் பதினாறு பேர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தொரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரியும். தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மனைவி உட்கார்ந்தாள், பேத்தி உட்கார்ந்தாள், நாய் உட்கார்ந்தது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் எல்லாம் காற்றழுத்தம் என்று அரைமணி நேரம் விளக்கினார். இவள் எல்லோருக்கும் "அப்படியா சார்" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, சப்பையாகிப்போன ஃப்ரேமைச் சூடான காற்றில் காட்டி, இளகியதும் இரண்டு கட்டைவிரலாலும் நீவி நிமிர்த்திக் கொடுத்துவிடுவாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்காரி. வயது நாற்பத்து நான்கு. கணவர் லிப்ட் ரிப்பேர்காரர். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருவதால், வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தாரென்றால் அதற்குப்பிறகு பக்கவாட்டில் நகர்வதற்கு அவரிடம் மனு கொடுக்க வேண்டும். வீட்டின் முன்னறையை ஆள்பவர் கண்ணாடிக்காரியின் அப்பா. எழுபத்தாறு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அம்மா போன பிறகு ஒரு சூட்கேசோடும் ஒரு கதையோடும் மகள் வீட்டுக்கு வந்தவர். சூட்கேசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கதையை மட்டும் தினமும் வெளியே எடுத்துத் தூசி தட்டினார்.

அது திருடனைப் பிடித்த கதை. கல்யாணத்துக்கு முன்னால், ஒரு சைக்கிள் கடை மாடியில் அவரும் நான்கு நண்பர்களுமாக ஒரே அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தார்களாம். எல்லோரும் இரவு வேலை முடித்து நல்ல மத்தியானத்தில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும்போது திருடன் நுழைந்தானாம். கூட இருந்த நான்கு பேரும் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்க, அப்பா ஒற்றை ஆளாகப் பாய்ந்து அவன் தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் பிடித்தாராம். ஆதாரம் வேண்டுமா? சட்டைக் கையை மடக்கி முன்கைத் தழும்பைக் காட்டுவார். "திருடன் கடிச்சது."

பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னார். சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னார். மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கண் ஆபரேஷன் டாக்டரிடம்கூட, பக்கெட் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் தூங்கினார்.

கண்ணாடிக்காரியின் பொழுதுபோக்கு வேறு. லென்ஸ் வாங்கி வரும்போது வட்டமாக இருக்கும். அதில் பேனாவால் புள்ளி வைத்து, கண்மணிக்கு நேராக நடுப்புள்ளி விழுகிற மாதிரி கணக்குப் பார்த்து மெஷினில் மாட்டினால், அது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஃப்ரேமின் வடிவத்துக்கு ஓரத்தைத் தேய்க்கும். தேய்த்து முடிக்க நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் எங்கும் போக முடியாது, எதுவும் செய்ய முடியாது. போன் பார்க்கலாம். அப்படி நான்கு நான்கு நிமிடமாகச் சேர்த்துத்தான் அவள் 'எங்க வீட்ல இப்படித்தான்' என்ற குழுவில் விழுந்தாள்.

ஊர் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிற தமிழ் பேசும் ஆட்கள் நாற்பதாயிரம் பேர் அதில் இருந்தார்கள். அவரவர் பிழைக்கப் போன இடத்தில் கண்ட விசித்திரங்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு நாட்டில் நாய் 'வான் வான்' என்று குரைக்கிறது, இன்னொரு நாட்டில் 'ஹாவ் ஹாவ்' என்கிறது. ஒரு குளிர்ப் பிரதேசத்தில் 'ஆமாம்' என்பதற்குப் பதில் வாயால் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும். கண்ணாடிக்காரி இதைச் சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் முயன்று பார்த்தாள். "ரசம் போதுமா?" என்று அவர் கேட்டதற்கு 'ஹுப்' என்று இழுத்தாள். மனிதர் பதறி அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை குழுவில் யாரோ கேட்டார்கள்: "சோப்பு தேஞ்சு தேஞ்சு கடைசியா ஒரு சில்லு மிஞ்சுமே, கையில நிக்காம வழுக்கிட்டு ஓடுமே, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

பேர் இல்லை என்று பலரும் எழுதினார்கள். கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. இதற்குப் போய்ப் பேர் தெரியாதா? "குமாஸ்தா" என்று எழுதினாள்.

குழுவே திரண்டு வந்து அவளைக் கிண்டலடித்தது. என்ன பண்ணுவது, அவள் வளர்ந்த வீட்டில் அதுதான் பேர். "குமாஸ்தாவைத் தூக்கிப் போடாதே, புதுச் சோப்பு மேல ஒட்டு" என்று அப்பா குளியலறைக்கு வெளியே நின்று கத்துவார். நாலாம் வகுப்பில் குமாஸ்தா என்பவர் யார் என்று கேட்ட கேள்விக்கு, 'குமாஸ்தா என்பவர் சோப்பின் கடைசிப் பகுதி, புதிய சோப்பின் முதுகில் ஒட்டப்படுவார்' என்று எழுதி முட்டை வாங்கியவள் அவள். டீச்சருக்குத்தான் தமிழ் தெரியவில்லை என்று இத்தனை வருடம் நம்பியிருந்தாள்.

நூற்றுக்கணக்கான கிண்டலுக்கு நடுவில் ஒரு பதில் வந்தது. எழுதியவள் வேறொரு கண்டத்தில் இருக்கும் பல் டாக்டர்.

"அக்கா, எங்க வீட்லயும் குமாஸ்தாதான். எங்கப்பாவுக்குக் கிறுக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"எங்கப்பாவுக்கும் அதே கிறுக்குதான்" என்று இவள் பதில் போட்டாள். அதோடு விடவில்லை. சோதித்துப் பார்க்க, "எத்தனை நாள் காயப்போட்டாலும் காயாத துண்டுக்கு உங்க வீட்ல என்ன பேரு?" என்று கேட்டாள்.

"மாமனார்."

கண்ணாடிக்காரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஜோடி தொலைஞ்சு ஒத்தையா நிக்கிற சாக்ஸ்?"

"சாட்சி! உங்கப்பா ஹார்பர்ல வேலை பார்த்தாரா? சைக்கிள் கடை மாடியா?"

மெஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. கடை முன்பக்கத்திலிருந்து முதலாளி, "என்னம்மா, லென்ஸ் தேய்க்கிறியா, மலையைத் தேய்க்கிறியா?" என்று குரல் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டாள். "அப்பா, சோப்புச் சில்லுக்குக் குமாஸ்தான்னு பேர் வெச்சது யாரு?"

வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர், "அது தமிழ் வார்த்தைதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

அடுத்த பத்து நாளில் மொத்தக் கூட்டமும் அகப்பட்டுவிட்டது. சாட்சியையும் மாமனாரையும் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று குழுவில் போட்டதும், மூன்றாவது நண்பரின் மனைவி ஒரு நாட்டிலிருந்து வந்தார். நான்காவது நண்பரின் பேத்தி இன்னொரு நாட்டிலிருந்து வந்தாள். அந்த இரண்டு நண்பர்களும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஐந்தாவதாக வேறொரு நாட்டில் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவும் மூன்று வருடம் முன்பு காலமாகிவிட்டவர். ஆக, மாடி அறையின் ஐந்து பேரில் மிச்சம் இருந்தது இரண்டு பேர்: கண்ணாடிக்காரியின் அப்பாவும் பல் டாக்டரின் அப்பாவும்.

ஐந்து வீட்டுக்காரர்களும் தனியாக ஒரு சின்னக் குழு வைத்துக்கொண்டார்கள். ஒரே அறையில் ஐந்து கல்யாணமாகாத தடியன்கள் பொழுதுபோகாமல் உண்டாக்கிய பாஷை, ஐந்து கல்யாணங்கள் வழியாக ஐந்து நாட்டுக்குப் போயிருக்கிறது. ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் அது தங்கள் பரம்பரைச் சொத்து என்று நம்பியிருக்கிறார்கள். பஸ் டிரைவர் மட்டும், "சாட்சி தெரியும், மாமனார் தெரியும். குமாஸ்தா மட்டும் எங்க வீட்ல கேள்விப்பட்டதே இல்லக்கா" என்றார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வினையை இழுத்துவிட்டவள் நான்காவது நண்பரின் பேத்தி. "எங்க தாத்தா அந்த ரூம்ல தனியா ஒரு திருடனைப் பிடிச்சாரு தெரியுமா?" என்று பெருமையாக எழுதினாள்.

கண்ணாடிக்காரி ஒரு ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ மாட்டிக்கொண்டிருந்தாள். எள்ளை விடச் சின்ன ஸ்க்ரூ. அது கையிலிருந்து எங்கே போனது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

"உங்க தாத்தாவா? எங்கப்பா, பிடிச்சது நான்தான்னு இல்ல சொன்னாரு? பக்கெட்டைக் கவுத்துப் பிடிச்சாராம்."

"என்ன பக்கெட்?" என்று பல் டாக்டர் குறுக்கே வந்தாள். "எங்கப்பா அவன் மேல ஏறி உக்காந்து பிடிச்சாரு. மத்தவங்க எல்லாம் கட்டிலுக்கு அடியில."

மூன்றாவது நண்பரின் மனைவி மெதுவாகத் தட்டச்சு செய்பவர். பத்து நிமிடம் கழித்து அவர் பதில் வந்தது. "எங்க வீட்டுக்காரர் ஈரத் துண்டைக் கழுத்துல போட்டுத்தான் பிடிச்சார். நாப்பது வருஷம் அந்தத் துண்டுக்கு மரியாதை குடுத்து மடிச்சு வெச்சேன்."

பேத்தியின் தாத்தா போலீஸ் மாதிரி குரலை மாற்றிக் கத்தியே திருடனை மண்டியிட வைத்தவராம்.

ஆக, நான்கு வீட்டில் நான்கு வீரர்கள். ஒவ்வொரு கதையிலும் மற்ற நான்கு பேர் கட்டிலுக்கு அடியில். அறையில் இருந்ததோ இரண்டே கட்டில். கூட்டிப் பார்த்தால் இரண்டு கட்டிலுக்கு அடியில் பதினாறு பேர் பதுங்கியிருக்கிறார்கள். "பாவம், திருடனுக்கு ஒளியக்கூட எடம் இருந்திருக்காது" என்றார் லிப்ட்காரர், சோபாவிலிருந்து.

கண்ணாடிக்காரி சளைக்கவில்லை. அப்பா தூங்கும்போது முன்கைத் தழும்பைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். எங்கள் வீட்டில் ஆதாரம் இருக்கிறது, பல் தடம்!

பல் டாக்டரின் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. "அக்கா, நான் பதினெட்டு வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ளதான் குடித்தனம் பண்றேன். மனுஷன் கடிச்சா வளைவாப் பதியும். இது நேர்க்கோடு. அதுவும் ஒரு ஓரத்துல முக்கோணமா முடியுது. உங்கப்பாவைக் கடிச்சவனுக்கு முக்கோண வாய் இருந்திருக்கணும்."

லிப்ட்காரர் எட்டிப் பார்த்தார். "இஸ்திரிப் பெட்டி மூக்கு மாதிரி இல்ல இருக்கு?"

இந்தக் கூத்தில் கலந்துகொள்ளாதவர் பஸ் டிரைவர் ஒருவர்தான். எல்லோருடைய கதைக்கும் ஒரு லைக் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு நாள் மத்தியானம் கண்ணாடிக்காரிக்குத் தனியாக எழுதினார்.

"அக்கா, எங்கப்பா ரொம்பப் பேசாத ஆளு. அவரைப் பத்தி எங்க வீட்ல ஒரு கதைகூடக் கெடையாது. செத்தப்போ துக்கம் கேக்க வந்தவங்க, 'நல்ல மனுஷன்'னு சொல்லிட்டு அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியாம ஃபேனைப் பார்த்தாங்க. நாலு பேரும் நாந்தான் நாந்தான்னு சொல்றாங்க, எங்கப்பா மட்டும் சொல்லவே இல்ல. ஒருவேளை நெஜமாப் பிடிச்சது அவரோ? நெஜமாச் செஞ்சவன் சொல்லிக்க மாட்டான், இல்லியா?"

கண்ணாடிக்காரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முன்னறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தன் அப்பாவை நினைத்தபோது இன்னும் நியாயமாகப் பட்டது. பல் டாக்டரிடம் சொன்னாள். அவளும், "அதேதான் அக்கா. ரெண்டு கிழத்தையும் நேருக்கு நேர் உக்கார வெச்சுக் கேட்டுடுவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. இங்கே சாயங்காலம், அங்கே காலை. அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லாமல், "ஒருத்தர் உங்ககூடப் பேசணுமாம்" என்று மட்டும் சொல்லி டேப்லெட்டை மேஜை மேல் நிறுத்தினாள். திரையில் ஒரு வழுக்கைத் தலையும் இரண்டு அடுக்கு மோவாயும் தெரிந்தன. அப்பா கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார்.

திரையிலிருந்து குரல் வந்தது. "டேய் ஒட்டடை."

"மூட்டை!" என்று அலறினார் அப்பா. "இன்னும் சாகலையாடா நீ?"

"உன்னை அனுப்பிட்டுப் போலாம்னு இருக்கேன்."

நாற்பத்தாறு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளும் இரண்டு நண்பர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். அதன் பிறகு கால்மணி நேரம் மலச்சிக்கலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு யாருக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணினார்கள். மகள்கள் இருவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் டிரைவர் எழுதியதைப் படித்துக் காட்டினார்கள்.

"நெஜத்தைச் சொல்லுங்க" என்றாள் கண்ணாடிக்காரி. "திருடனைப் பிடிச்சது அந்தத் தம்பியோட அப்பாதானே?"

இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பாவின் உதடு துடித்தது. மகள், அழப் போகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தாள். அதற்குள் மூட்டையிடமிருந்து ஒரு கனைப்பு வந்தது, அப்பாவிடமிருந்து ஒரு சீழ்க்கை மாதிரி வந்தது, பிறகு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். மூட்டைக்கு இருமல் வந்து, பல் டாக்டர் முதுகைத் தட்டினாள். அப்பாவின் மேல்வரிசைப் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"அவனா பிடிச்சான்?" என்றார் அப்பா, பல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு. "அவன்தான்டி திருடனே!"

நடந்தது இதுதான். மாடி அறையில் முதலில் நான்கு பேர்தான். மத்தியானத் தூக்கத்தில் அப்பாவுக்கு ஏதோ சூடான வாசனை அடித்தது. கண்ணைத் திறந்தால், பனியனோடு ஒல்லியாக ஒருவன் அவர்களுடைய இஸ்திரிப் பெட்டியால், சட்டையைத் தரையில் விரித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவன் இடுப்பில் இருப்பது அப்பாவுடைய பேண்ட். அப்பா பக்கெட்டை எடுத்துக் கவிழ்த்தார். மூட்டை மேலே ஏறி உட்கார்ந்தார். மூன்றாமவர் ஈரத் துண்டைப் போட்டு இறுக்கினார். நான்காமவர் போலீஸ் குரலில் கத்தினார். பார்க்கப்போனால் நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. கூட இருந்த மூன்று பேரைக் கதையிலிருந்து தூக்கியதோடு சரி. அந்தக் களேபரத்தில் அப்பாவின் முன்கை இஸ்திரிப் பெட்டி மேல் பட்டுவிட்டது.

"பக்கெட்டுக்குள்ளருந்து ஒரே அழுகை" என்றார் மூட்டை. "'மூணு மணிக்கு இன்டர்வியூங்க, குமாஸ்தா வேலைங்க, பஸ்ல சட்டை கசங்கிடுச்சுங்க, உக்காந்ததுல பேண்ட் கிழிஞ்சுடுச்சுங்க'ன்னு. கதவு தெறந்திருந்தது, நொழஞ்சுட்டேன், திருப்பிக் குடுத்துடுவேன்னான்."

"நம்புனீங்களா?"

"யாரு நம்புனா? ஆனா மணி ரெண்டே முக்கால் ஆயிடுச்சு. அவனைப் பார்க்கப் பாவமா வேற இருந்துச்சு. சரி போய்ட்டு வாடான்னு பேண்ட்டோடவே அனுப்பிட்டோம். வேலை கெடைக்கல. ஆனா சாயங்காலம் பேண்ட்டைத் துவைச்சு மடிச்சு எடுத்துட்டு வந்தான் பாரு. போக எடமில்லன்னு ஒரு ராத்திரி தங்குனான். ஆறு வருஷம் இருந்தான்."

கையில் ஒன்றும் இல்லாத காலம் அவனுக்கு. மற்றவர்கள் தேய்த்து மிச்சம் வைத்த சோப்புச் சில்லுகளைச் சேர்த்து உருட்டிக் குளிப்பானாம். கிடைக்காத வேலையின் பேரே அவனுக்குப் பட்டப்பேர் ஆகிவிட்டது. 'சில்லைப் போடாதே, குமாஸ்தாவுக்கு வை' என்று ஆரம்பித்து, போகப்போகச் சில்லே குமாஸ்தாவாகிவிட்டது. அவன் வீட்டில் மட்டும் ஏன் அந்தச் சொல் இல்லை என்பது கண்ணாடிக்காரிக்கு இப்போதுதான் உறைத்தது.

"கடைசியில என்ன வேலை பார்த்தான் தெரியுமா?" என்றார் அப்பா. "கப்பல் கம்பெனியில ஸ்டோர் கீப்பர். முப்பது வருஷம் அத்தனை சாவியும் அவன்கிட்ட. ஒரு ஆணி கொறஞ்சதில்லன்னு கேள்விப்பட்டேன்."

மறுபடியும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நாலு பேரும் அன்னிக்கே ஒரு முடிவு பண்ணோம்" என்றார் மூட்டை. "கதையை யார் வேணா எப்படி வேணா சொல்லிக்கலாம். திருடன் யாருன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாதுன்னு. உங்கம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல."

"இப்ப அந்தப் பிள்ளைகிட்ட என்னப்பா சொல்றது?" என்று கேட்டாள் பல் டாக்டர். "உள்ளதைச் சொல்லிடுவோம். அவருக்குத் தெரியணும்ல?"

"அப்பனைப் பத்தி ஒரு கதையாவது இருக்காதான்னு கேட்டு வந்திருக்கான். திருடன்னு எடுத்து நீட்டுவியா?" என்றாள் கண்ணாடிக்காரி.

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து தீர்ப்பு வந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவனோட அப்பன்தான் பிடிச்சான்னு சொல்லிடு" என்றார். ஐம்பது வருடமாக நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த மெடலைக் கழற்றித் தருகிற மாதிரி முகம் வைத்திருந்தார். "நானும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன்னு சொல்லு. பரவால்ல." சற்று யோசித்து, "பக்கெட் மட்டும் என்னுதுன்னு போடு. பக்கெட் நான் வாங்குனது" என்றார்.

மறுநாள் பஸ் டிரைவருக்கு மத்தியான இடைவேளை நேரம் பார்த்துப் போன் போட்டார்கள். டிப்போவில் காலி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். அப்பா, தானே சொல்வேன் என்று பிடிவாதமாகப் போனை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடிக்காரி பக்கத்தில் காவல் நின்றாள்.

"தம்பி, திருடனைப் பிடிச்சது உங்கப்பாதான்ப்பா" என்று ஆரம்பித்தார்.



அத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் கதை சொல்லிப் பழகிய வாய் ஒரு வரியில் நிற்குமா? "நாங்க எல்லாம் பயந்து நடுங்கிட்டுக் கெடந்தோம். உங்கப்பா சிங்கம் மாதிரி நின்னான். இஸ்திரிப் பெட்டியைக் கையில வெச்சுட்டு, வெறும் பனியனோட..."

"ஏன் பெரியப்பா பனியனோட?"

"சட்டையைத் தேச்சுட்டு இருந்தான்ல. மூணு மணிக்கு இன்டர்வியூ."

"திருடன் வந்தப்போ அப்பா இஸ்திரி போட்டுட்டு இருந்தாரா?"

"ஆமா... இல்ல, திருடன்தான் போட்டுட்டு இருந்தான். அதாவது உங்கப்பா போட்டு முடிச்சப்புறம் திருடன்..." அப்பாவுக்கு வியர்த்தது. கண்ணாடிக்காரி கையை வெட்டுகிற மாதிரி காட்டி, போதும் நிறுத்துங்கள் என்றாள். அவர் மேலும் ஆழமாகத் தோண்டினார். "எப்படியோ, உங்கப்பா மாதிரி நேர்மையானவன் கெடையாது தம்பி. சாயங்காலமே என் பேண்ட்டைத் துவைச்சுத் திருப்பிக் குடுத்துட்டான்."

டிப்போவில் தூரத்தில் ஏதோ ஒரு பஸ் பின்பக்கம் வரும் பீப் பீப் சத்தம் கேட்டது.

"பெரியப்பா" என்றார் பஸ் டிரைவர் நிதானமாக. "திருடன் எங்கப்பாதானே?"

அப்பா போனை மகளிடம் நீட்டினார். மகள் வாங்கவில்லை.

"ஆமாப்பா" என்றார் அப்பா.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் என்னவென்று முதலில் புரியவில்லை. கண்ணாடிக்காரி பயந்துபோனாள். பிறகுதான் தெரிந்தது, மனிதர் ஸ்டீயரிங் மேல் விழுந்து சிரிக்கிறார் என்று. பஸ்ஸின் ஹாரன் நடுநடுவே அலறியது.

"எங்கப்பாவா! பக்கத்து வீட்டு மாங்காய் நம்ம பக்கம் விழுந்தாக்கூடக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வான்னு சொல்லுவாரு பெரியப்பா! பேண்ட்டைத் திருடுனாரா? அதை மாட்டிக்கிட்டே சட்டையை இஸ்திரி போட்டாரா? யாரு கொண்டுவந்த பக்கெட்டு?"

"என்னுது" என்றார் அப்பா உடனே. உயிர் திரும்பி வந்துவிட்டது. "பிடிச்சதும் நான்தான் தம்பி. முதல்ல பக்கெட்டுதான் விழுந்துச்சு. மூட்டை எல்லாம் அப்புறமா வந்து உக்காந்தவன்."

தியாகம் செய்த மெடலை இருபது மணி நேரத்துக்குள் திரும்பக் குத்திக்கொண்டார். இது மூட்டைக்குத் தெரிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரையில் பெரிய சண்டை. பக்கெட் விழுந்தது முன்னாலா, தான் உட்கார்ந்தது முன்னாலா என்று. அந்தச் சண்டை இப்போதும் வாராவாரம் நடக்கிறது. அதற்காகவே அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரம் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு டேப்லெட் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். சிலிண்டர்காரரை இப்போதெல்லாம் அவர் நிறுத்தி வைப்பதில்லை.

பஸ் டிரைவர் நாற்பதாயிரம் பேர் இருக்கும் பெரிய குழுவில் தானே எழுதினார். 'எங்கப்பா திருடிய பேண்ட்' என்று தலைப்பு. அப்பாவின் சின்ன வயதுப் படம் ஒன்றும் போட்டிருந்தார். கன்னம் ஒட்டி, காது இரண்டும் விடைத்து, சட்டை மட்டும் கத்தி மாதிரி மடிப்போடு. மூவாயிரம் பேர் சிரித்தார்கள். நிறையப் பேர் தங்கள் அப்பாக்கள் திருடியவற்றைப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். ஒருவரின் அப்பா ஒரு தெருவிளக்கையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். துக்கத்துக்கு வந்து ஃபேனைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் பஸ் டிரைவருக்குப் போன் செய்து, அவர் அப்பாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்களாம்.

கண்ணாடிக்காரிக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. பஸ் டிரைவரின் அம்மா ஊரில் இருக்கிறார். எழுபது வயது. கணவரின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவர். அவர் காதுக்கு இது போனால் என்ன ஆகும்?

கேட்டுவிட்டாள். அப்போது மெஷினில் தடியான ஒரு லென்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"வீடியோ கால்ல நானே படிச்சுக் காட்டுனேன் அக்கா" என்றார் பஸ் டிரைவர். "முழுக்கக் கேட்டாங்க. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துட்டு இருந்தாங்க."

"அழுதாங்களா?"

"இல்லக்கா. 'பேண்ட்டா? எங்கிட்ட வெறும் கர்ச்சீப்புன்னு இல்ல சொன்னாரு'ன்னாங்க."